நடந்ததும் நினைப்பதும்

பெரிய சம்பவம் எதுவும் ஒரே தடவையில் நடந்து முடிந்துவிடுவதில்லை. முதல் தடவை அது தெருவில் நடக்கிறது. பிறகு திண்ணையில் நடக்கிறது. கல்யாணப் பந்தலில் நடக்கிறது. ரயில் வண்டியில் எதிர் ஆசனத்துக்காரரிடம் நடக்கிறது. பேரன் சாப்பிட மறுக்கும்போது சமையலறையில் நடக்கிறது. தெருவில் நடந்தது அரைமணி நேரம் என்றால், திண்ணையில் நடப்பது ஐம்பது வருஷம். இந்த இரண்டில் எதைச் சரித்திரம் என்று சொல்வது? இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திர பாடம் போதித்துவரும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி தோன்றுவதுண்டு.

சென்னைவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானிய யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கார்ல் வான் முல்லர் என்பவர் அதன் தலைவர். துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துக் கப்பல் சுட்டது. ஏறக்குறைய 130 குண்டுகள் வெடித்தன. எண்ணெய் பற்றிக்கொண்டு ஆகாசம் சிவந்தது. சிலர் மாண்டார்கள். அரைமணிக்குள் காரியத்தை முடித்துக்கொண்டு கப்பல் இருட்டில் மறைந்தது. அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ‘ஸிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு, எம்டனின் ஆயுளும் முடிந்தது.

தெருவில் நடந்தது இவ்வளவுதான். திண்ணையில் நடந்ததோ இன்னும் முடிந்தபாடில்லை. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்தை விட்டு ஓடினார்கள் என்பது உண்மை. ஹைக்கோர்ட்டு மதிற்சுவரில் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு ஞாபகக் கல் இருக்கிறது என்பதும் உண்மை. தமிழ் பாஷைக்கே ஒரு புதிய வார்த்தை கிடைத்தது. துணிச்சல்காரனும், காரியக்காரனும், கண்டிப்பான தகப்பனாரும் ‘எம்டன்’ ஆனார்கள். ஆனால் எனக்குப் பழக்கமான பழைய குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், அன்று இரவு கொள்ளுத் தாத்தா கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். குண்டு அவருடைய தலைக்கு மேலாக ‘விர்’ என்று போயிற்று. அவர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இத்தனை கொள்ளுத் தாத்தாக்களும் உண்மையில் கடற்கரையில் இருந்திருந்தால், கூட்டத்தைப் பார்த்தே ஜெர்மானியர்கள் பயந்து திரும்பியிருப்பார்கள்!

இன்னொரு கதையும் உண்டு. திருவனந்தபுரத்தில் பிறந்து, ஜெர்மனிக்குச் சென்று, அங்கிருந்தே இந்திய விடுதலைக்கு உழைத்த செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது. அவர் கப்பலில் வந்தார் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்லுகிறார்கள். இருந்தாலும் கதை மட்டும் அசையாமல் நிற்கிறது. காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. நம்மை அடக்கி ஆண்டவர்கள் ஒருநாள் இரவு நடுங்கினார்கள். அப்படி நடுங்க வைத்தவர்களில் நம்மவர் ஒருவராவது இருந்திருக்கக் கூடாதா என்று ஜனங்களுடைய மனம் ஏங்கிற்று. நடந்ததைச் சொல்லும்போது நடந்திருக்க வேண்டியதையும் கூடவே சேர்த்துக்கொள்வது மனித சுபாவம். அதைப் பொய் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பொய் சொல்லுகிறவனுக்குத் தான் பொய் சொல்லுகிறோம் என்பது தெரியும். இவர்களுக்கோ தெரியாது.

* * *

இந்த விஷயத்தை மேல்நாட்டு மனோதத்துவ சாஸ்திரிகள் நூறு வருஷத்துக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1899-ஆம் வருஷத்திலேயே கோல்குரோவ் என்ற அமெரிக்கர், ஆப்ரஹாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று 179 பேரைக் கேட்டார். லிங்கன் இறந்து அப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும் 127 பேர் இடம், வேளை, பக்கத்தில் இருந்தவர் முதலிய விவரங்களோடு பதில் சொன்னார்கள். பிறகு 1977-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரௌன், கூலிக் என்ற இருவர், 1963-ல் கென்னடி கொலையுண்ட செய்தியைக் குறித்து இதே கேள்வியைக் கேட்டு, இத்தகைய ஞாபகத்துக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். போட்டோக்காரர் ‘பளிச்’ என்று விளக்கைப் போட்டுப் படம் பிடிப்பதுபோல், அதிர்ச்சியான செய்தி வந்த கணத்தை மனம் அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய கொள்கை.

கொள்கை அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு குறை. அந்தப் படம் சரியான படந்தானா என்று எப்படிப் பார்ப்பது? சொல்லுகிறவர் சொல்லுவதைத் தவிர ஒத்துப் பார்க்க வேறு ஒன்றும் இல்லையே!

1986-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி, ‘சாலஞ்சர்’ என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறிப் போயிற்று. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மக்காலிப் என்ற பள்ளிக்கூட ஆசிரியை. எமரி சர்வகலாசாலையில் உல்ரிக் நைஸர் என்ற பேராசிரியர், நிக்கோல் ஹார்ஷ் என்பவரோடு சேர்ந்து, மறுநாள் காலையிலேயே 106 மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, நேற்றுச் செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைத்துவிட்டு, இரண்டரை வருஷம் பொறுத்து, அவர்களில் 44 பேரைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

முடிவு அவரையே ஆச்சரியத்தில் ஆழ்த்திற்று. ஏழு மார்க்குக்கு முழு மார்க் வாங்கினவர்கள் மூன்றே பேர். பதினொரு பேருக்குப் பூஜ்யம். அதாவது அவர்கள் சொன்ன முக்கிய விவரம் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. முதலில் நண்பர்கள் வாயிலாகவோ வகுப்பிலோ கேட்டதாக எழுதியவர்கள் பலர், பிறகு டெலிவிஷனில் கண்டதாகச் சொன்னார்கள். ஆனால் தங்கள் ஞாபகத்தில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை மட்டும் இம்மியும் குறையவில்லை. கடைசியில், அவர்கள் கைப்பட எழுதிய காகிதத்தையே எடுத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகாவது பழைய ஞாபகம் திரும்பிற்றா என்றால், ஒருவருக்கும் திரும்பவில்லை! புதிய கதை குடியேறின வீட்டில் பழைய கதைக்கு இடமில்லாமல் போயிற்று.

2001-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோதும், மறுநாளே டியூக் சர்வகலாசாலையில் 54 மாணவர்களிடம் இவ்விதம் எழுதி வாங்கினார்கள். கூடவே, சில நாள் முன்னதாக அவர்களுக்கு நேர்ந்த ஏதேனும் ஒரு சாதாரண விஷயத்தையும் எழுதச் சொன்னார்கள். மாதங்கள் செல்லச் செல்ல, கோபுர ஞாபகமும் சாதாரண ஞாபகமும் ஒரே வேகத்தில்தான் தேய்ந்தன. வித்தியாசம் ஒன்றே ஒன்று: சாதாரண விஷயம் மங்கிப்போய்விட்டது என்று மாணவர்களே ஒப்புக்கொண்டார்கள், கோபுர விஷயத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஞாபகம் என்பதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த நகையைப்போல் நாம் நினைக்கிறோம். வேண்டும்போது திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டிவிடலாம் என்பது நமது எண்ணம். உண்மையில் அது பாட்டி வைக்கும் ரசத்தைப் போன்றது. ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது. புளி ஒரு நாள் கூடுகிறது, உப்பு ஒரு நாள் குறைகிறது. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்பவர் 1932-லேயே இதை விளக்கிவிட்டார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றை இங்கிலீஷ்காரர்களிடம் கொடுத்து, நாள் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கதையில் இருந்த மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன் பிடித்தலாயிற்று. அர்த்தமாகாத இடங்கள் உதிர்ந்துபோயின. கேட்டவர்கள் அந்தக் கதையைத் தங்கள் ஊர்க் கதையாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

* * *

சாஸ்திரம் இருக்கட்டும். என் அனுபவத்துக்கு வருகிறேன்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதி பெய்த மழையைச் சென்னையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறக்கமாட்டார்கள் என்றால் என்ன அர்த்தம் என்பதுதான் இந்தக் கட்டுரையே! மறுநாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878-ல் தொடங்கப்பட்ட ‘ஹிந்து’ பத்திரிகை முதல் தடவையாக ஒரு நாள் அச்சாகாமல் நின்றது.

அடையாற்றுக்கு அதிக தூரமில்லாத ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது நான் எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் போதித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுப் பரீட்சையை ஜனவரி மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். டிசம்பர் நடுவில் பள்ளிக்கூடம் திறந்தபோது பையன்களிடம் புத்தகம் இல்லை. பலரிடம் பையும் இல்லை. அசோகரைப் பற்றிப் பேசுவதற்கு அவர்களுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. எல்லோருக்கும் வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்து, ‘அன்று இரவு நான் கண்டது’ என்று எழுதச் சொன்னேன். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன்: கண்ணால் கண்டதையும் காதால் கேட்ட குரலையும் மட்டும் எழுத வேண்டும், பிறர் சொன்ன செய்தி கூடாது. மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. 38 பேர் எழுதினார்கள். அந்தக் காகிதங்களை ஒரு துணியில் கட்டி என் பீரோவில் வைத்தேன்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் ‘மிக்ஜாம்’ புயல் வந்து மறுபடியும் பட்டணம் தண்ணீரில் நின்றது. நாலைந்து நாள் கழித்து, அந்தப் பழைய எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர், அக்கம்பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் வழங்கிவிட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் இருபது வயது கடந்தவர்கள். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து காபி சாப்பிட்டார்கள். புது வெள்ளத்தைப் பற்றிப் பேசப்போய், பேச்சுப் பழைய வெள்ளத்துக்குத் திரும்பிற்று.

ஆகா! அந்தப் பேச்சை என்னவென்று சொல்வேன்! எட்டு வருஷத்தில் தண்ணீர் வற்றியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் கூடத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவனுக்குக் கழுத்தளவு, இன்னொருவனுக்குத் தலைக்கு மேல். ஒருவன் மீனவர்களுடைய படகில் ஏறித் தப்பியதை விஸ்தாரமாக வர்ணித்தான். வேறொருவன், தெருவில் முதலை நீந்திப் போனதைத் தன் இரண்டு கண்களாலும் பார்த்ததாகச் சொன்னான். மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக அந்த நாளில் ஒரு வதந்தி கிளம்பிற்று. பண்ணையார் உடனே அதை மறுத்தார்கள். வதந்தி மடிந்தது, ஆனால் முதலை மட்டும் அந்தப் பையனுடைய மனத்தில் இன்னும் நீந்திக்கொண்டிருந்தது.

பீரோவைத் திறந்து கட்டை எடுத்துவந்தேன். தங்கள் காகிதத்தைத் தாங்களே படித்தார்கள். கழுத்தளவுக்காரன் எழுதியிருந்தது: ‘தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது.’ படகில் தப்பியவன் எழுதியிருந்தது: ‘தெருமுனையில் ஒரு படகு போயிற்று. நாங்கள் கை காட்டினோம். அது நிற்கவில்லை.’ முதலையைப் பார்த்தவன் முதலையைப் பற்றி ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. பாலுக்காகத் தகப்பனாரோடு நெடுந்தூரம் நடந்ததை மட்டும் எழுதியிருந்தான். கூடத்தில் ஒரே சிரிப்பு.

சிரிப்புக்கு நடுவில் ஒரு பெண் மட்டும் தன் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். மொட்டைமாடியில் ஒதுங்கியிருந்த ஒரு தெரு நாய்க்குத் தன் பங்கு பிஸ்கோத்தைப் பாதி பிட்டுக் கொடுத்ததாக அவள் எழுதியிருந்தாள். “எனக்கு இது சுத்தமாக ஞாபகமே இல்லை, ஸார்” என்றாள். நம்மைப் பெரியவர்களாக்கும் பொய்களை மனம் சேர்த்துக்கொள்கிறது என்று எண்ணியிருந்தேன். நம்மைப் பெரியவர்களாக்கும் உண்மைகளை அது தொலைத்தும் விடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

* * *

எல்லோரும் விடைபெற்றுக்கொண்ட பிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். பேச்சிலும் அவன் கலந்துகொள்ளவில்லை. தன் காகிதத்தையும் கேட்கவில்லை. அவனுடைய பாட்டி அந்த வெள்ளத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, 2016 ஜனவரியில் இறந்துபோனாள் என்பது எனக்குத் தெரியும்.

“ஸார், நீங்கள் அதை எனக்குக் காட்ட வேண்டாம்” என்றான். “எனக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வந்ததும் நான் பயந்துபோய்த் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு முதலில் மாடிக்கு ஓடிவிட்டேன். பாட்டியை இருட்டில் தனியாக விட்டுவிட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள்.”

பதின்மூன்று வயதில் நடந்தது. இருபத்தொரு வயதில் அதை ஒரு வாக்குமூலத்தைப்போல் ஒப்பிக்கிறான். எத்தனை இரவுகள் ஒப்பித்திருப்பானோ?

நான் அந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் எழுதியிருந்தது இது: ‘கரெண்டு இல்லை. அப்பா வாசலில் ஸ்கூட்டரைத் திண்ணைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். பாட்டி என்னைத் தட்டி எழுப்பினாள். நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போடா, நான் உங்கப்பனோடு வருகிறேன் என்றாள். நான் வா பாட்டி என்றேன். போடா என்று அதட்டினாள். மாடியில் பாப்பாவை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கினேன். அப்போது ஐயோ என்று பாட்டி குரல் கேட்டது. அப்பா ஸ்கூட்டரை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். பிறகு பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டி கையில் முருகன் படம் இருந்தது.’

அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கையெழுத்து என்னுடையதுதான், ஸார். ஆனால் அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. நான் திரும்பி இறங்கினதும் ஞாபகமில்லை.”

எமரி சர்வகலாசாலையில் நடந்ததே என் வீட்டுக் கூடத்திலும் நடந்தது. காகிதத்தைப் பார்த்த உடனே ஞாபகம் திரும்புவது சினிமாவில்தான். ‘இதை நம்பு, அதை விடு’ என்று நான் உபதேசம் செய்யவில்லை. அந்த இரவுக்குப் பக்கத்தில் நின்று எழுதியவன் பதின்மூன்று வயதுப் பையன். எட்டு வருஷத்துக்கு இப்பால் நின்று பேசுகிறவன் வேறோர் ஆள். கோர்ட்டில் இரண்டு சாட்சி வந்தால் எவனுடைய சாட்சியம் உயர்ந்தது என்பதை நீயே யோசித்துப் பார் என்று மட்டும் சொன்னேன். முருகன் படத்தைச் சுட்டிக் காட்டினேன். ஆபத்துச் சமயத்தில் ஒரு கிழவி எதற்காக உள்ளறைக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் உதறிவிட்டுப் போயிருப்பாள்.

அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனான். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் வந்தான். அதைத் தகப்பனாரிடம் படித்துக் காட்டினானாம். கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டாராம். ‘உன்னை மாடிக்குப் போகச் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. நான்தான் அந்த ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாழாய்ப் போன ஸ்கூட்டர்!’ என்றாராம். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், தகப்பனும் மகனும் ஒரே சாவைத் தனித்தனியே தங்கள் தலையில் சுமந்துகொண்டு எட்டு வருஷம் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அப்பா ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஓடினார் என்ற வரியை மகன் இரண்டாம் தடவை படித்துக் காட்டினான். இப்போது முருகன் படத்தைத் துடைத்து மாட்டியிருக்கிறார்களாம்.

* * *

சம்பவம் முடிந்த பிறகு அதற்குக் காரணம் தேடுவது மனத்துக்கு இயற்கை. காரணம் கிடைத்துவிட்டால், ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. 1972-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் புறப்படுவதற்கு முன்பு, இன்னின்ன நடக்கக்கூடும் என்று ஜெருசலேமில் உள்ள மாணவர்களைக் கணிக்கச் சொன்னார் பிஷாப் என்ற ஆராய்ச்சியாளர். பயணம் முடிந்த பின்பு, முன்னே என்ன கணித்தீர்கள் என்று அதே மாணவர்களைக் கேட்டார். எவையெல்லாம் நடந்தனவோ அவற்றைத் தாங்கள் முன்கூட்டியே பலமாக எதிர்பார்த்ததாக அவர்கள் நினைவு வைத்திருந்தார்கள்! நடந்து முடிந்தது எல்லோருக்கும் சுலபமாகத் தெரிகிறது. ‘முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டுமே’ என்று நாம் பிறரைக் குற்றம் சாட்டும்போது, அது அநியாயமாகிறது. நம்மையே குற்றம் சாட்டிக்கொள்ளும்போது, அது ஆயுள் தண்டனையாகிறது.

இதையெல்லாம் சொல்லுவதால், திண்ணைக் கதைகளைப் பற்றி நான் இளப்பமாக எண்ணுவதாக நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் ஸிமலு என்று ஒரு தீவு இருக்கிறது. 1907-ஆம் வருஷத்தில் அங்கே பூமி அதிர்ந்து, கடல் பொங்கி ஏராளமான ஜனங்களைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் அதைக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டாகப் பாடினார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், ஒன்றையும் எடுக்காமல் மலைக்கு ஓடு என்பது அதன் சாரம். தொண்ணூற்றேழு வருஷம் அந்தக் கதை பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கை மாறிற்று. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, பூகம்பம் கிளம்பிய இடத்துக்கு வெகு அருகில் இருந்த அந்தத் தீவில், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களில் இறந்தவர்கள் ஏழே பேர். கதையை அறியாத நம்முடைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் தாலாட்டில் அலையின் உயரம் கூடியிருக்கலாம். மாண்டவர் தொகை மாறியிருக்கலாம். ‘ஓடு’ என்ற வார்த்தை மட்டும் மாறவில்லை.

ஆகையால் கல்யாணப் பந்தலில் கொள்ளுத் தாத்தாவின் தலைக்கு மேல் எம்டன் குண்டு போகிறபோது, யாரும் குறுக்கே புகுந்து திருத்த வேண்டாம். கதை அதன் போக்கில் வளரட்டும். அத்துடன் காகிதமும் ஒன்று இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். வீட்டிலோ ஊரிலோ பெரிய சம்பவம் ஏதேனும் நடந்தால், அந்த வாரம் முடிவதற்குள், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேட்காமல், தாம் கண்டதை ஒரு பக்கம் எழுதி வையுங்கள். செல்போனில் பிடித்த படம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட வேண்டாம். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் படம் சொல்லும்; ‘போடா’ என்று பாட்டி அதட்டினதைச் சொல்லாது. எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்லக் குழந்தைகள் எழுதலாம். நடை அழகாக இருக்க வேண்டியதில்லை; பிழை இருந்தாலும் திருத்த வேண்டியதில்லை. தேதியை மட்டும் மறக்காமல் போட்டு, பத்திரப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நிலத்துக்குத் தகராறு வந்தால் பத்திரம் உதவுகிறது. மனத்துக்குத் தகராறு வருகிற நாளில் இந்தக் காகிதம் உதவும்.